எஸ்தர் எடுத்துக்கொண்ட திமிங்கலம்

எஸ்தர் இறந்துவிட்டாள் என்ற செய்தி வந்தபோது நான் பல் துலக்கிக்கொண்டிருந்தேன். அவள் தம்பி சாமுவேல் போன் செய்தான். "அக்கா, எங்கக்கா போய்ட்டா" என்றான். வாய் நிறைய நுரையோடு, "எங்கடா போனா காலங்காத்தால?" என்று கேட்டேன். பின்னால் அவன் அம்மா அழும் சத்தம் கேட்டது. காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவள், வீட்டுக்கு வந்துவிடுவாள் என்று எல்லாரும் சொல்லிக்கொண்டிருந்தவள், விடியற்காலையில் போய்விட்டாள். டெங்கு.

வகுப்புத் தோழிகளுக்குச் சொல்ல வேண்டியது என் வேலையாயிற்று. முதலில் சுவேதாவைக் கூப்பிட்டேன். "ஏய், இதுலகூட வெளையாடுவியாடி? வாய் அழுகிடும்" என்று போனை வைத்துவிட்டாள். அடுத்தவள் திட்டக்கூட இல்லை, சிரித்தாள். மழை விடுமுறை என்று புரளி கிளப்பியவள், பிரின்சிபாலுக்குக் கல்யாணம் என்று போர்டில் எழுதியவள் நான். நான் சொன்னால் யார் நம்புவார்கள்? கடைசியில் சாமுவேல் தன் ஸ்டேட்டஸில் எஸ்தரின் படத்தைப் போட்ட பிறகுதான் ஒவ்வொருத்தியாக அழத் தொடங்கினார்கள்.

இதையே எஸ்தர் சொல்லியிருந்தால் உடனே நம்பியிருப்பார்கள். அவள் எதைச் சொன்னாலும் நம்புவார்கள். என் வயிற்றெரிச்சல் அங்கேதான் தொடங்குகிறது. இந்தக் கட்டுரையும் அங்கேதான் தொடங்குகிறது.

எஸ்தர் நினைவாகப் பள்ளி போடும் இந்த மலருக்கு எழுதச் சொன்ன டீச்சர், "நல்லதா நாலு வார்த்தை எழுதும்மா" என்றார். நல்ல வார்த்தைகளை மற்றவர்கள் எழுதியிருப்பார்கள். அமைதியானவள், அறிவானவள், அடக்கமானவள். எல்லாம் உண்மை, அதுதான் பிரச்சினையே. எனக்கு எஸ்தர் மீது பொறாமை. 'இருந்தது' என்று முடிக்கத்தான் பார்த்தேன். பேனா 'இருக்கிறது' என்றே எழுதுகிறது. அவளை அறிந்த நீங்கள் கோபப்படாமல் படியுங்கள். அவளை நன்றாகக் கவனித்தவர்கள் யார் என்று போட்டி வைத்தால் முதல் பரிசு எனக்குத்தான். பொறாமைப்படுகிறவள் அளவுக்கு யாரும் ஒருத்தியைக் கவனிப்பதில்லை.

நாங்கள் இருவரும் புதுச்சேரியில் பாகூருக்குப் பக்கத்து ஊர். எல்கேஜியிலிருந்து ஒரே வகுப்பு. போன வருடம் எங்கள் ஊர்த் தொடக்கப்பள்ளித் தலைமையாசிரியை, மூன்றாவதிலிருந்து ஐந்தாவது வரை படிக்கும் பிள்ளைகளுக்குச் சனிக்கிழமை மாலை பாடம் எடுக்க பெரிய வகுப்புப் பெண்கள் இரண்டு பேர் வேண்டும் என்றார். எஸ்தரும் நானும் போனோம். முதல் ஒரு மணி நேரம் எஸ்தருக்கு, சமூக அறிவியல். அடுத்த ஒரு மணி நேரம் எனக்கு, தமிழ்.

முதலில் ராஜ்யம் என்னுடையதாகத்தான் இருந்தது. திருப்பிப் படித்தாலும் மாறாத சொற்களைப் பிள்ளைகளுக்குக் கொடுத்தேன். 'தேரு வருதே' என்று எழுதினால் வில்லியனூர்த் தேரே வந்துவிட்டது போல் கத்துவார்கள். எஸ்தர் உலக வரைபடத்தை விரிக்கும்போது கொட்டாவி விட்டுக்கொண்டு, "கார்த்திகாக்கா எப்ப வருவாங்க?" என்று அவளிடமே கேட்பார்கள். நான் வராந்தாவில் நின்று அதைக் கேட்டு மகிழ்ந்துகொண்டிருப்பேன். எனக்கு வேண்டியதெல்லாம் அந்த ஒரு கேள்விதான். அந்தப் பிள்ளைகள் என்னைத் தேட வேண்டும்.

எல்லாம் தினேஷ் அழுத சனிக்கிழமை வரைதான்.

தினேஷ் நாலாவது படிக்கிறவன். அவன் அப்பா மின்துறையில் வேலை பார்க்கிறார். அந்த வாரம் அவரை மாஹேவுக்கு மாற்றிவிட்டார்கள். பையன் சுவர் ஓரமாக உட்கார்ந்து மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தான். நான் போய், "டேய், மாஹே போனா ஆஹா! இதுக்குப் போயி அழுவியா?" என்றேன். மற்ற பிள்ளைகள் சிரித்தார்கள். அவன் இன்னும் பலமாக அழுதான்.

எஸ்தர் அவனைச் சமாதானம் செய்யவில்லை. ஒரு சாக்பீஸை எடுத்துக்கொண்டு வெளியே சிமெண்டுத் தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

"தினேஷு, அப்பா எந்த ஊருக்குப் போயிருக்காரு?"

"மாஹே."

"அது எங்கடா இருக்குது?"

"கேரளால."

"கேரளாக்குள்ள இருக்குது. ஆனா யாருது?"

அவன் யோசித்தான். ஃபாத்திமா முந்திக்கொண்டாள். கடைத்தெருவில் மளிகைக்கடை வைத்திருப்பவரின் மகள், எந்தக் கேள்விக்கும் முதலில் கை தூக்குகிறவள். "நம்ம பாண்டியோடதுக்கா!"

"கரெக்ட்டு. நம்ம பாண்டி நாலு துண்டா கெடக்குது. இங்க வந்து பாரு." இந்தியாவை ஒரே கோட்டில் வரைந்தாள். சாக்பீஸைத் தூக்கக்கூட இல்லை. மேற்குக் கரையில் ஒரு புள்ளி, மாஹே. கிழக்கே கீழிருந்து மேலாக மூன்று புள்ளிகள்: காரைக்கால், நாங்கள், ஏனாம். "இந்த நாலு ஊருக்கும் வெளிய, தூரமா, ஆழத்துல ஒருத்தர் போய்ட்டு வந்துட்டு இருக்காரு. அவருக்கும் டிரான்ஸ்ஃபர் உண்டு. யாரு?"

"கலெக்டரு!"

"கலெக்டரு ஆழத்துல போனா முழுவிடுவாருடா. திமிங்கலம்."

மூக்கை உறிஞ்சுவது நின்றது.

உலகத்தில் பல திமிங்கலங்கள் குட்டி போட வெதுவெதுப்பான கடலுக்கும், இரை தின்னக் குளிர்ந்த துருவக் கடலுக்குமாக வருடா வருடம் போய் வருகின்றன. நம் பக்கத்து நீலத்திமிங்கலங்கள் அவ்வளவு தூரம் போவதாகத் தெரியவில்லை. பருவக்காற்று மாறும்போது இரையைத் தேடி அரபிக்கடலுக்கும் வங்காள விரிகுடாவுக்குமாக நகர்கின்றன என்று ஆராய்ச்சி செய்கிறவர்கள் நினைக்கிறார்கள். இதை நான் எழுதினால் பாடப்புத்தகம் போல் இருக்கிறது. எஸ்தர் சொன்னபோது எப்படி இருந்தது என்றால், மாஹேவில் தினேஷின் அப்பா வேலை முடிந்து கரையோரமாகக் காற்று வாங்கும்போது, அவருக்கு நேராக வெகுதூரத்தில், கண்ணுக்கெட்டாத இடத்தில் ஒரு திமிங்கலம் ஆர்டரைக் கையில் வைத்துக்கொண்டு நம் ஊர்ப் பக்கம் கிளம்புவது போல் இருந்தது.

"குறுக்கால வரலாமில்லக்கா? ராமேஸ்வரம் பக்கமா?" என்று ஃபாத்திமா கேட்டாள். தரைப்படத்தில் அந்தக் குறுக்குவழியைக் காலால் காட்டினாள்.

"அங்க ஆழம் பத்தாதுடி. வயிறு தட்டும். இலங்கையச் சுத்திகினுதான் வரணும்."

பிறகு எஸ்தர் ஓடிப்போய் வீட்டிலிருந்து நெல் காயவைக்கிற தார்ப்பாயைச் சுருட்டிக்கொண்டு வந்தாள். பிள்ளைகள் எல்லாரையும் வரிசையாக நிறுத்தி மேலே போர்த்தினாள். தலைப்பக்கம் அவள். அந்தக் கறுப்புப் பிராணி மாஹேவில் கிளம்பியது. கன்னியாகுமரியில் வளைந்தது, இலங்கையைச் சுற்றியது, காரைக்காலில் நின்று எல்லாரும் ஒரே மூச்சாக 'ஹோ' என்று காற்றை விட்டார்கள். உள்ளேயிருந்து ஒரு குரல், "அக்கா, இவன் என் காலை மிதிக்கிறான்." இன்னொரு குரல், "திமிங்கலத்துக்குக் கால் ஏதுடா?" தினேஷின் குரல்.

என் நேரம் வந்துவிட்டது. உள்ளே போய்ப் பலகையில் 'தேரு வருதே' என்று எழுதிவிட்டு நின்றேன். தேரும் வரவில்லை, ஆளும் வரவில்லை. வெளியே திமிங்கலம் ஏனாமைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது.

அன்றிலிருந்து கடலில் அவளுக்குத் திமிங்கலம், எனக்கு ஆமை. பொறாமை.

பதிலுக்கு ஏதாவது செய்யாவிட்டால் நான் கார்த்திகா இல்லை. அவளுக்கு 'திமிர்ங்கலம்' என்று பெயர் வைத்தேன். ஒட்டவில்லை. அவளிடம் திமிர் இருந்தால்தானே ஒட்டும்? அடுத்த வாரம், இங்கிலீஷில் திமிங்கலத்துக்கு 'வேல்' என்று பெயர், அதனால் முருகன் கையில் வைத்திருப்பது திமிங்கலம்தான் என்று பிள்ளைகளிடம் பரப்பிவிட்டேன். அவள் பாடத்தில் பிள்ளைகள் 'வேல் வேல்' என்று கத்தி ரகளை செய்வார்கள் என்பது என் கணக்கு. செய்தார்கள். எஸ்தர் விழுந்து விழுந்து சிரித்தாள். "சூப்பரா இருக்குதுடி, எனக்குத் தோணவே இல்ல பாரு" என்றாள். அதே சூட்டில் பலகையில் இரண்டு சொல்லையும் இங்கிலீஷில் எழுதி, உச்சரிப்பு ஒன்று எழுத்து வேறு என்று அன்றைக்கே ஸ்பெல்லிங் கற்றுக்கொடுத்துவிட்டாள். என் நகைச்சுவைகூட அவள் கைக்குப் போனதும் நன்றாகப் படித்து முன்னேறியது.

அவளிடம் தப்பே நடக்காதா என்று காத்திருந்தேன். நடந்தது. காலாண்டுத் தேர்வில், இந்தியாவின் மேற்கே உள்ள கடல் எது என்று நாலாம் வகுப்புக்குக் கேட்டிருந்தார்கள். அந்த வகுப்பில் இருந்த எங்கள் சனிக்கிழமைப் பிள்ளைகள் அத்தனை பேரும் ஒரே பதில்: புதுச்சேரிக் கடல். கிழக்கே உள்ள கடல்? அதுவும் புதுச்சேரிக் கடல். மேற்கில் மாஹே நம்முடையது, கிழக்கில் மற்ற மூன்றும் நம்முடையவை, நடுவில் போய்வருகிற திமிங்கலமும் அரசு ஊழியர், அப்படியானால் கடல் வேறு யாருடையது? ஃபாத்திமா இன்னும் ஒரு படி மேலே போய், திமிங்கலத்துக்குப் பென்ஷன் உண்டு என்று எழுதியிருந்தாள். யாரும் கேட்காத கேள்விக்குப் பதில்.

அவர்களுடைய வகுப்பு டீச்சர் விடைத்தாள்களோடு எங்கள் சனிக்கிழமை வகுப்புக்கு வந்தார். "யாரு இந்தப் பசங்களுக்கு இப்படி சொல்லிக் குடுத்தது?"

நானாக இருந்திருந்தால் பிள்ளைகளைப் பார்த்து ஒரு கிண்டல் அடித்து எல்லாரையும் சிரிக்கவைத்துத் தப்பியிருப்பேன். எஸ்தர் எழுந்து நின்றாள். "பசங்க மேல தப்பு இல்ல மிஸ். நான்தான் பாதி சொல்லி விட்டுட்டேன். மீதிய இன்னிக்கு சொல்லிடுறேன்."

அவ்வளவுதான். ஆனால் பிள்ளைகள் அவளைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அந்தப் பார்வையில் பாதி கிடைக்க நான் எத்தனையோ குட்டிக்கரணம் அடித்திருக்கிறேன்.

மீதியைச் சொன்னாள். அதுவும் எங்கள் ஊருக்கு மட்டுமே புரிகிற பாஷையில்.

"கடலூர் ரோட்டுல பஸ்ல போறோம். பாண்டி எங்க முடியுது?"

"ஒயின்ஷாப் முடியற எடத்துல!" என்று எல்லாரும் கத்தினார்கள். எங்கள் பக்கம் அப்படித்தான். கொஞ்ச தூரம் பாண்டி, கொஞ்ச தூரம் தமிழ்நாடு, மறுபடி பாண்டி. போர்டைப் படிக்கத் தெரியாத குழந்தைகூட ஒயின்ஷாப் வரிசையைப் பார்த்து எல்லை சொல்லும்.

"கடல்ல ஒயின்ஷாப் இருக்குதா?"

"இல்லக்கா."

"அப்ப பாண்டி முடிஞ்சிடுச்சு, தமிழ்நாடு வந்துடுச்சுன்னு திமிங்கலத்துக்கு எப்படிடா தெரியும்?"

எஸ்தரே பதிலும் சொன்னாள்.

"தெரியாது. அதுக்குத் தண்ணிதான் தெரியும். எங்க சூடு, எங்க குளிரு, எங்க தீனின்னு. அரபிக்கடல், வங்காள விரிகுடான்னு பேரு வச்சதுகூட நாமதான். அது பரீட்சைக்கு. ஒழுங்கா படிச்சிக்கினு போங்க."

நான் வராந்தாவில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். பாழாய்ப்போன அந்தத் தப்பும் அவளுக்குப் பாடமாகிவிட்டது.

பிறகு மணப்பட்டுக்குப் போனோம். கடற்கரைக்குக் கூட்டிப் போகச் சொல்லிப் பிள்ளைகள் நச்சரித்துக்கொண்டே இருந்தார்கள். கூட வந்த பெற்றோர் சிலரும், பிள்ளைகளும், நாங்களுமாகக் கரையில் நின்றோம். எல்லாருக்கும் எதிர்பார்ப்பு திமிங்கலம். எஸ்தர் பஸ்ஸிலேயே எச்சரித்திருந்தாள், கரைக்கு அது வராது என்று. ஆனால் பிள்ளைகளுக்குப் பாதிதான் காதில் விழும்.

எனக்கு இது நல்ல வாய்ப்பு. "அதோ!" என்று கை நீட்டினேன். எல்லாத் தலையும் திரும்பியது. ஆஹா, என்ன சுகம். "இதோ!" மறுபடி திரும்பியது. அதற்குப் பிறகு யாரும் திரும்பவில்லை. ஃபாத்திமா மட்டும், "போங்கக்கா, நீங்க வேற" என்றாள்.

வலை உதறிக்கொண்டிருந்த ஒரு அக்கா எங்களைப் பார்த்துவிட்டு வந்தார். "இன்னா பாப்பா, புள்ளைங்கள வெயில்ல நிக்க வச்சிகினு இன்னாத்தப் பாக்கறீங்க?"

"திமிங்கலம் தெரியுமான்னு பாக்கறாங்கக்கா" என்றாள் எஸ்தர்.

"நல்லா பாத்தீங்க போ! செத்தது எப்பனா ஒதுங்கும். உசுரோட இருக்கறது இன்னாத்துக்கு இங்க வருது?"

பிள்ளைகளின் முகம் விழுந்துவிட்டது. தினேஷ் மணலைக் காலால் கிளறினான். "அப்ப நம்மளப் பாக்க வரவே வராதாக்கா?"

எஸ்தர் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். சமாதான வார்த்தை ஒன்று சொல்வாள், அதைப் பிறகு நான் கிண்டல் செய்யலாம் என்று காதைத் தீட்டிக்கொண்டேன். "நாம பாக்கணும்னு அது போவலடா. அது போவுது, அவ்வளவுதான். நமக்குத்தான் அதப் பத்தித் தெரிஞ்சிக்கணும்னு இருக்குது" என்றாள். பிறகு எழுந்து, "எல்லாரும் திமிங்கலம் மாதிரி மூச்சை இழுத்துப் பிடிங்க. யாரு கடைசி வரைக்கும் தண்ணிக்குள்ள இருக்கீங்கன்னு பாக்கலாம்" என்றாள். அத்தனை பிள்ளைகளும் கன்னத்தை உப்பிக்கொண்டு கடலைப் பார்த்து நின்றார்கள். வலை அக்காவும் தன்னை அறியாமல் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார். கொஞ்ச நேரம் அந்தக் கரையில் அலைச்சத்தம் தவிர ஒன்றுமில்லை. நான் வாயைத் திறந்தால் தோற்றுவிடுவேன் என்பதால் நானும் பிடித்தேன். தினேஷ்தான் ஜெயித்தான். நான் பாதியிலேயே சிரித்துவிட்டேன்.

இதற்கெல்லாம் பிறகு, மழைக்காலம் முடிகிற நேரத்தில், அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மீதியை முதலிலேயே சொல்லிவிட்டேன்.

எங்கள் தெருமுனையில் அவள் படம் போட்ட கண்ணீர் அஞ்சலி பேனர் எழுந்தது. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட்டுக்கு எடுத்த படம். ஹால் டிக்கெட் படத்தில்கூட ஒருத்தி நன்றாக இருக்க முடியும் என்பதற்கு அது சாட்சி. என்னுடையதில் நான் தேடப்படும் குற்றவாளி மாதிரி இருப்பேன். பேனரைப் பார்த்து அழுதுகொண்டே அதையும் நினைத்தேன். அழுகையும் பொறாமையும் சேர்ந்து வராது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

சனிக்கிழமை வந்தது. தலைமையாசிரியை என்னைக் கூப்பிட்டு, "ரெண்டு நேரத்தையும் நீயே பாத்துக்கம்மா. இந்த மாசம் பாக்கலாம். பசங்க வரலன்னா நிறுத்திடலாம்" என்றார். நான் தலையாட்டினேன். மனதுக்குள் ஒரு மூலையில், இனி எல்லாப் பிள்ளைகளும் எனக்குத்தான் என்று ஒரு நினைப்பு எட்டிப் பார்த்தது. உடனே அதை உள்ளே தள்ளிக் கதவைச் சாத்தினேன். ஆனால் எட்டிப் பார்த்தது.

மூன்று பேர் வந்தார்கள். ஃபாத்திமா, தினேஷ், ஃபாத்திமாவின் குட்டித் தம்பி. அவன் பள்ளியிலேயே இன்னும் சேரவில்லை.

நான் எனக்குத் தெரிந்த வித்தை அத்தனையும் காட்டினேன். விடுகதை போட்டேன். தலைமையாசிரியை நடக்கிற மாதிரி நடந்து காட்டினேன். குட்டித் தம்பி மட்டும் சிரித்தான். நீலத்திமிங்கலத்தைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். "அதான் எஸ்தரக்கா சொல்லிட்டாங்களே" என்றான் தினேஷ். வழி சொன்னேன். "இலங்கைய சுத்தினப்புறம்தான் காரைக்கால். நீங்க மாத்திச் சொல்றீங்க" என்றான். வகுப்பை முடித்துவிட்டு ஒவ்வொரு வீடாகப் போய் மற்ற பிள்ளைகளைக் கூப்பிட்டேன். ஒரு பையன் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, "எஸ்தரக்காதான் இல்லியே, இன்னாத்துக்கு வரணும்?" என்று கேட்டான். அவன் அம்மா அவன் தலையில் குட்டினார். அவன் கேட்டதில் தப்பில்லை.

ஃபாத்திமாவை வீட்டில் விடப் போகும் வழியில் எனக்கு ஓர் ஆசை வந்தது. வெட்கமாகத்தான் இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன். எஸ்தரும் உள்ளுக்குள் என்னைப் பார்த்து ஏங்கியிருப்பாளோ, என் சிரிப்பு தனக்கு வரவில்லையே என்று பிள்ளைகளிடம் ஒரு நாளாவது சொல்லியிருப்பாளோ என்று நினைத்தேன். அப்படி ஒரு வார்த்தை இருந்தால் நாங்கள் சமம். கணக்கு தீர்ந்துவிடும்.

"ஃபாத்தி, எஸ்தரக்கா என்னப் பத்தி இன்னாடி சொல்வாங்க?"

அவள் நின்று, நெற்றியைச் சுருக்கி, நேர்மையாக யோசித்தாள்.

"ஒண்ணும் சொல்ல மாட்டாங்கக்கா. திமிங்கலத்தப் பத்திதான் சொல்வாங்க."

இதைவிடப் பெரிய அடி யாரும் எனக்குக் கொடுத்ததில்லை. ஒரு ஜோக்காக இருந்தால் திருப்பி அடிக்கலாம். இது உண்மை. நான் வராந்தாவில் நின்று, பிள்ளைகள் யாரைப் பார்க்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தேன். எஸ்தர் திமிங்கலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் எங்கே பார்த்தாளோ அங்கே பிள்ளைகளும் பார்த்தார்கள். நான் அவளோடு ஓடிய பந்தயத்தில் அவள் ஓடவே இல்லை.

அந்த வாரம் முழுவதும் பள்ளி விட்டதும் நூலகத்துக்குப் போனேன். கிடைத்ததையெல்லாம் படித்தேன். போனில் தேடினேன். என் அம்மா, "ரீல்ஸ் பாக்காம இன்னாடி பண்ற, ஒடம்புக்கு ஏதாவதா?" என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ச்சல் என்றாலே இப்போது எல்லாருக்கும் பயம். எஸ்தரை மிஞ்ச வேண்டும் என்றுதான் தொடங்கினேன். ஆனால் நடுவில் ஓர் இடத்தில் அதை மறந்துபோனேன். எத்தனை நேரம் மறந்திருந்தேன் என்று சொல்ல முடியவில்லை. நூலகர் வந்து மின்விசிறியை நிறுத்தியபோதுதான் நினைவு வந்தது.

அடுத்த சனிக்கிழமை தினேஷ் தன் தெருப் பிள்ளைகளை இழுத்துக்கொண்டு வந்திருந்தான், சும்மா கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகலாம் என்ற முகத்தோடு. நான் விடுகதை போடவில்லை. சாக்பீஸை எடுத்துக்கொண்டு சிமெண்டுத் தரையில் உட்கார்ந்தேன். இந்தியா எனக்கு ஒரே கோட்டில் வரவில்லை. குஜராத் வீங்கிவிட்டது.

"அரபிக்கடல்ல இன்னொரு திமிங்கலம் இருக்குது. கூன்முதுகுத் திமிங்கலம். உலகத்துல மத்த எடத்துல இருக்கற கூன்முதுகு எல்லாம் குளிர்க்கடலுக்கும் சூட்டுக்கடலுக்குமா போய்ட்டுப் போய்ட்டு வரும். இது மட்டும் எங்கயும் போவாது. வருஷம் பூரா அங்கயேதான்."

தினேஷ் தலையைத் தூக்கினான். "அதுக்கு டிரான்ஸ்ஃபரே கெடையாதா?"

"கெடையாதுடா."

"ஏன்?"

"தென்மேற்குக் காத்து அடிக்கும்போது கரையோரத்துல அடியிலருந்து குளிர்ந்த தண்ணி மேல வருது. அதோட தீனியும் வருது. சூடான கடல்லயே சாப்பாடு கெடைச்சிடுது. அதே கடல்ல குட்டியும் போட்டுக்குது. அப்புறம் இன்னாத்துக்குப் போவணும்?"

"மத்ததுங்க இதுகூட வந்து சேந்துக்கலாமில்ல?" என்று கேட்டாள் ஃபாத்திமா.

ஒரு ஜோக் நாக்கின் நுனி வரை வந்துவிட்டது. விழுங்கினேன். "தெரியலடி. ரொம்ப ரொம்பக் காலமா மத்ததுங்ககூட சேராம தனியாவே இருக்குதுன்னு போட்டிருக்கு. ஏன்னு பாத்துட்டு வந்து சொல்றேன்."

பிள்ளைகள் அந்த வீங்கிய குஜராத்தைச் சுற்றி உட்கார்ந்து அரபிக்கடலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர்கூட என்னைப் பார்க்கவில்லை. அது எனக்கு நன்றாக இருந்தது. நன்றாக இருந்தது என்பதே எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

கடைசியில் தினேஷ் கேட்டான். "எஸ்தரக்காவுக்கு இது தெரியுமாக்கா?"

எல்லாரும் நிமிர்ந்தார்கள். தெரியும் என்று சொன்னால் நல்ல பெண்ணாகிவிடலாம். "தெரியாதுடா. தெரிஞ்சிருந்தா அன்னிக்கே உங்ககிட்ட ஓடிவந்து சொல்லியிருப்பா" என்றேன். அவன் தலையாட்டினான். அவள் அப்படித்தான் என்பது அவனுக்கும் தெரியும்.

மாதக் கடைசியில் தலைமையாசிரியை வராந்தாவில் நின்று தலைகளை எண்ணிவிட்டுப் போனார். வகுப்பு நடக்கிறது. இதைப் படிக்கிறவர்கள் தங்கள் பிள்ளைகளையும் அனுப்பலாம்.

கூன்முதுகைச் சொன்ன அந்தச் சனிக்கிழமை சைக்கிளை எடுத்ததும் என் கால் தானாக எஸ்தர் வீட்டுப் பக்கம் மிதித்தது. காற்று எதிரில் அடித்தது. வாசலில் நின்று மணியடித்து, "ஏய் எஸ்தர், வெளிய வாடி! உனக்குத் தெரியாத திமிங்கலம் ஒண்ணு எங்கிட்ட இருக்குது" என்று கத்த வேண்டும் என்று வாய் துடித்தது. பாதித் தெருவில்தான் உறைத்தது. இறங்கி நின்றுவிட்டேன். அவள் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று எனக்குத் துல்லியமாகத் தெரியும். "அப்படியாடி? சொல்லு, சொல்லு" என்று ஈரக்கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு ஓடி வந்திருப்பாள். அந்த முகத்தில் பொறாமையின் சாயல்கூட இருந்திருக்காது. அதைப் பார்த்து எனக்கு இன்னும் எரிந்திருக்கும்.

அவளை அறிந்த நீங்கள் அவளிடமிருந்து அன்பை, பொறுமையை, அறிவை எடுத்துக்கொண்டதாக இந்த மலரில் எழுதியிருப்பீர்கள். எனக்கு வாய்த்தது பொறாமை. அதைக் கழுவிவிட்டு நல்லவளாகு என்று சொல்லி யாராவது வந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் என்னை நூலகத்தில் கொண்டுபோய் உட்காரவைப்பது அதுதான். அது இருக்கும்வரை அவளும் எனக்கு முன்னால் எங்கேயோ போய்க்கொண்டிருக்கிறாள் என்று அர்த்தம். முதல்முறையாக அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்துவிட்டது. யாரிடம் போய்ப் பீற்றிக்கொள்வது?